சுக்கானும் சக்கரமும்

தொழிலுக்குக் கருவி வேண்டும். கருவிக்குப் பிடி வேண்டும். பிடியைப் பற்றிய கைக்கும் அக்கருவி ஆளும் பொருளுக்கும் இடையே ஓர் அளவு வேண்டும். கை எவ்வளவு அசைந்தால் பொருள் எவ்வளவு அசைய வேண்டும், பொருளின் எதிர்ப்பில் எவ்வளவு கைக்குத் திரும்பி வரவேண்டும் என்பதே அந்த அளவு. கடலிற் கலஞ் செலுத்தியவர்களும் தெருவில் வண்டி செலுத்தியவர்களும் பல நூற்றாண்டுகளாக இந்த அளவையே தேடி வந்திருக்கின்றனர். அந்தத் தேட்டத்தின் வரலாறே இன்றைய உரையின் பொருளாகும்.

இவ்வரலாற்றைச் சொல்ல எனக்குத் துணையாக வருவது பழைய ஏடு அன்று. இன்றைய இளைஞர் கையிலுள்ள ஒரு விளையாட்டுக் கருவி. கணினித் திரைக்கு முன்னே, மேசையின் விளிம்பில், ஸ்டியரிங் சக்கரம் ஒன்றைப் பூட்டிவைத்துக் கார்ப் பந்தயம் ஓட்டுகின்றார்கள். உண்மையான காரின் போக்கைக் கணக்கினால் உருவாக்கிக் காட்டும் இக்கருவியைச் சிமுலேற்றர் என்பர். பாவனைப் பொறி என்று தமிழிற் சொல்லலாம். ஓட்டம் தொடங்குமுன் ஒரு பக்கம் திரையில் விரிகின்றது. அதில் எண்கள் வரிசையாக நிற்கின்றன. சக்கரம் எத்திசையில் திரும்ப வேண்டும், எத்தனை பாகை சுழல வேண்டும், நடுவில் எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும், தெருவின் எதிர்ப்புக் கையில் எவ்வளவு தெரிய வேண்டும், அதிர்வு எவ்வளவு அடங்க வேண்டும் என்பன அவை. இளைஞர் பலர் அவ்வெண்களை அங்குமிங்கும் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சரிவரவில்லை என்று சலித்துக்கொள்கின்றனர். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வரலாற்றை அறிந்தால் எண்ணும் விளங்கும்.

முதலாவது, திசை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பலாலியை அடுத்து மயிலிட்டி என்னும் துறை இருக்கின்றது. அங்கே இயந்திரம் பூட்டிய படகில் பின்னணியத்தில் அமர்ந்து கைப்பிடியைப் பற்றியிருக்கும் தொழிலாளியைக் கவனியுங்கள். படகு வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் அவர் பிடியை இடப்பக்கம் தள்ளுவார். சுக்கான்பிடியின் இயல்பு அது. பிடி ஒரு பக்கம் போனால் நீருக்குள் இருக்கும் பலகை மறுபக்கம் போகும். படகின் முகமும் அப்பலகை போன பக்கமே திரும்பும். பழகிய கைக்கு இதில் மயக்கம் இல்லை.

ஆதியிற் கலங்களைத் திருப்பியது பக்கத்திற் பிடித்த துடுப்பே. கட்டுமரம் இன்றும் அவ்வாறே திருப்பப்படுகின்றது. கலத்தின் பின்புறத்து நடுவிற் சுக்கானைப் பொருத்தும் முறை சீனாவிற் கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டளவில் வழங்கியது என்பதற்கு, ஹான் வம்சக் காலத்துக் கல்லறையிற் கிடைத்த மண்பொம்மைக் கப்பல் சான்று. ஐரோப்பாவிற் கீல்களிலே தொங்கும் சுக்கானை 1180ஆம் ஆண்டளவிற் செதுக்கப்பட்ட தேவாலய ஞானஸ்நானத் தொட்டிகளிலே காண்கிறோம். கப்பல்கள் பெருத்தபோது சுக்கான்பிடியைக் கையால் தள்ள இயலவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சக்கரத்தைச் சுழற்றி, அதன் உருளையிற் சுற்றிய கயிற்றினாற் பிடியை இழுக்கும் வழக்கம் வந்தது. சக்கரத்தை வலப்பக்கம் சுழற்றினாற் கப்பலும் வலப்பக்கம் திரும்பும்படி கயிறுகளைப் பூட்டிக்கொண்டனர்.

சக்கரம் மாறியது, வாய்ச்சொல் மாறவில்லை. கட்டளையிடும் அதிகாரி, சுக்கான்பிடி போகவேண்டிய பக்கத்தையே பழைய வழக்கப்படி சொல்லி வந்தார். 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் டைட்டானிக் கப்பலின் முன்னே பனிமலை தோன்றியபோது, கடமையிலிருந்த அதிகாரி வலப்பக்கம் என்னும் சொல்லாற் கட்டளையிட்டார். கப்பல் இடப்பக்கம் திரும்பியது. அது பிழையன்று, அக்காலத்து முறையே அதுதான். ஆயினும் சொல் ஒரு பக்கமும் கப்பல் மறுபக்கமும் போகும் இம்முறை ஆபத்தானது என்பதை உலகம் உணர்ந்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றி 1929ஆம் ஆண்டு லண்டனிற் கூடிய சர்வதேச மாநாடு, கப்பல் திரும்ப வேண்டிய பக்கத்தையே கட்டளையிற் சொல்ல வேண்டும் என்று வகுத்தது. பாவனைப் பொறியின் எண்பக்கத்திலே திசையைத் தலைகீழாக்கும் ஒரு சிறு கட்டம் உண்டல்லவா? ஒரு காலத்தில் நாடுகள் கூடித் தீர்த்த விவகாரம் அந்தக் கட்டத்துள் அடங்கிக் கிடக்கின்றது.

இரண்டாவது, சுழற்சிக் கோணம்.

கப்பலின் சக்கரத்தைப் பலமுறை சுற்றினாற்றான் சுக்கான் ஒரு பக்கத்து எல்லைக்குப் போகும். அதிகம் சுற்றுவது காலத்தைத் தின்னும். ஆனால் பலத்தை மிச்சப்படுத்தும். இது கிணற்றுக் கப்பியிலும் நாம் காணும் நியதி. மோட்டார் வண்டி தோன்றியபோது இதே கேள்வி தெருவுக்கு வந்தது. 1886ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் செய்த மூன்று சில்லு வண்டி, கப்பலின் சுக்கான்பிடியை ஒத்த ஒரு சிறு பிடியாலேயே திருப்பப்பட்டது. 1894ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகருக்கு மோட்டார் வண்டிப் போட்டி நடந்தது. அதிற் கலந்துகொண்ட அல்பிரெட் வாஷெரோன் என்பவர் தமது பனார் வண்டிக்குச் சக்கரம் பூட்டி ஓட்டினார். மோட்டார் வண்டியிற் சக்கரம் பூட்டப்பட்டதற்கு நாம் அறியும் மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. அது பந்தயமொன்றிலே நிகழ்ந்தது என்பது இன்றைய பந்தய விளையாட்டுக்காரர் மகிழத்தக்க செய்தி.

வேகம் கூடியபோது சிறுபிடி ஆபத்தாயிற்று. கை சிறிது அசைந்தால் வண்டி பெரிதும் திரும்பிவிடும். எனவே, கையின் பெரிய அசைவைச் சில்லின் சிறிய அசைவாக மாற்றும் பற்சில்லுகள் இடையே வந்தன. இன்று பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் சக்கரம் ஏறத்தாழ 15 பாகை திரும்பினாற் முன்சில்லு ஒரு பாகை திரும்பும். ஒரு பக்கத்து எல்லையிலிருந்து மறுபக்கத்து எல்லைவரை சக்கரம் இரண்டரை முதல் மூன்று சுற்று வரை சுழலும். அதாவது 900 பாகை முதல் 1080 பாகை வரை. போர்முலா ஒன் பந்தயக் காரிலோ ஒரு முழுச்சுற்றுக்கூட வேண்டியதில்லை. சாரதி கைகளைச் சக்கரத்தினின்றும் எடுக்காமலே எந்த வளைவையும் முடித்துவிடுவார்.

விளையாட்டுக் கருவியை 900 பாகைக்கு வைத்துவிட்டு, திரையிலுள்ள கார் 360 பாகைக்கு உரியதாயின், கார் வேண்டுவதைவிட இரண்டரை மடங்கு கையைச் சுழற்ற நேரும். வளைவு முடிந்த பின்னரே சக்கரம் வந்து சேரும். மறுதலையாக, சாதாரணக் காரை 270 பாகையில் ஓட்டினால் அது வெருண்ட மாடு போலத் துள்ளும். எனவே முதற்கண் செய்ய வேண்டியது யாதெனில், தெரிந்துகொண்ட காரின் உண்மைக் கோணத்தை அறிந்து அதனையே கருவிக்கும் வைப்பதாகும். தாமே இதனைப் பொருத்திக்கொள்ளும் விளையாட்டுக்களும் உள. திரையிற் தோன்றும் சாரதியின் கையும் நம் கையும் ஒரே அளவு திரும்பினால் அளவு சரி என்று கொள்ளலாம்.

மூன்றாவது, ஆட்டம்.

1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்னும் பெயர்களை விளக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருகியபோது, சில துளி பெற்றோலிலே உயிர் பெற்று, மண்ணெண்ணெயிலே ஓடி, நோயாளியையும் மணமக்களையும் சுமந்த வண்டிகள் அவை. புதிய உதிரிப்பாகம் கிடையாத அக்காலத்தில் அவ்வண்டிகளின் ஸ்டியரிங்கிலே தேய்வு ஏற்பட்டது இயல்பே. சக்கரத்தை இரண்டு விரற்கடை திருப்பினாலும் சில்லு அசையாது. அதற்கு மேலே திருப்பினாற்றான் அசையும். அந்த வெற்றிடத்தை நம்மூர்ச் சாரதிகள் ஆட்டம் என்பர். 1948ஆம் ஆண்டு வெளிவந்த மொறிஸ் மைனரிலே பற்சட்டத்தின்மேற் பற்சில்லு நேரே உருளும் அமைப்பு இருந்தது. அதில் இடைப்பாகங்கள் குறைவு, ஆகவே ஆட்டமும் குறைவு. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் வேறு வகையான பொறி இருந்தது. அதில் மூட்டுக்கள் மிகுதி, தேய்ந்தால் ஆட்டமும் மிகுதி. நல்ல சாரதி அந்த வெற்றிடத்தின் அளவைக் கையில் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்.

தேய்விலே பிறந்த இந்தக் குறையைப் பாவனைப் பொறியில் எண்ணாகவே எழுதிவைத்திருக்கின்றனர். நடுவில் எத்தனை பங்கு அசைவைக் கருவி கவனியாது விடவேண்டும் என்பது அவ்வெண். பழைய மலிவான கருவிகளில் நடுநிலையிலேயே மின்குறி நடுங்கும். நேர்தெருவில் கார் தானே இங்குமங்கும் அலையும். அதனை மறைக்கவே இவ்வெண் பிறந்தது. நல்ல கருவியுடையோர் இதனைப் பூச்சியத்தில் வைத்தல் வேண்டும். நடுநிலையில் அலைவு தெரிந்தால் மட்டும், அலைவு அடங்கும் அளவுக்குச் சிறிது கூட்டலாம். கையின் அசைவை மாற்றிக் காட்டும் மற்றோர் எண்ணும் உண்டு. நடுவிலே மந்தமாகவும் ஓரத்திலே துரிதமாகவும் அது காரைத் திருப்பும். கோணத்தைச் சரியாக வைத்தவர்களுக்கு அதன் உதவி தேவைப்படாது. அசைவுக்கு அசைவு நேராக இருப்பதே கை பழகுவதற்கு நன்று.

நான்காவது, விசை. இதுவே இவ்வரலாற்றின் நெஞ்சு.

பாய்விரித்த வள்ளத்திற் சுக்கான் பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். காற்று மிஞ்சினால் வள்ளம் காற்றை நோக்கி முகம் திருப்பப் பார்க்கும். அந்தப் பிடிவாதம் சுக்கான்பிடியில் ஓயாத இழுப்பாகக் கைக்கு வரும். இழுப்புக் கூடினாற் பாயைச் சுருக்க வேண்டும் என்பது பொருள். வள்ளம் ஓட்டமிழந்தாற் பிடி திடீரென இலகுவாகிச் செத்ததுபோல் ஆகும். இனிச் சுக்கான் சொற்கேளாது என்பது பொருள். கண்ணுக்கு எட்டாத நீரடியின் நிலையைக் கை அறிகின்றது. வடகரையிலே கட்டப்பட்ட கலமொன்று அட்லாண்டிக் மாகடலைக் கடந்த கதை நாம் அறிந்ததே. வல்வெட்டித்துறையிற் பிறந்த அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார், புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்னும் புதுப்பெயரோடு அது 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்துணைத் தூரமும் அதனைச் செலுத்தி உதவியவர் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். அவர்களுடைய பெரும் பாடநூல் கையில் வந்து மோதிய அந்த இழுப்பே.

தெருவிலும் இத்தகைய இழுப்பு உண்டு. சைக்கிளை இருக்கையிற் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். கைப்பிடியைத் தொடாமலே முன்சில்லு நேராக நிற்கும். முன்கவரின் சாய்வே அதற்குக் காரணம். காரின் முன்சில்லுகளும் அவ்வாறே சாய்வாகப் பூட்டப்பட்டிருப்பதால், வளைவிலே திருப்பிய சக்கரம் நடுநிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த எதிர்ப்பு, வளைவின் வேகத்தோடு கூடிக்கொண்டே வரும். டயர் தெருவிற் பிடியிழக்கப் போகும் தறுவாயிலோ அது சிறிது முன்னரே தளரும். சுக்கான்பிடி இலகுவாகி எச்சரித்தது போலவே சக்கரமும் இலகுவாகி எச்சரிக்கின்றது. கண் காணுமுன் கை காணும் இந்தக் கணமே பந்தயச் சாரதியின் மூலதனம்.

இயந்திர நாகரிகம் இவ்வெச்சரிக்கையைப் படிப்படியாகத் துடைத்தெடுத்தது. 1858ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் என்னும் இராட்சதக் கப்பலின் சுக்கானைத் திருப்பப் பலர் சேர்ந்து போராட வேண்டியிருந்தது. ஜோன் மக்பார்லேன் கிரே என்ற பொறியியலாளர் செய்த நீராவிச் சுக்கான் பொறி 1867ஆம் ஆண்டு அதிற் பூட்டப்பட்டது. சக்கரம் காட்டிய நிலைக்குச் சுக்கான் வந்து சேர்ந்ததும் நீராவி தானே நின்றுவிடும்படி அவர் அமைத்திருந்தார். ஒருவனே அக்கப்பலைத் திருப்பலாயிற்று. பலர் செய்த வேலையை ஒருவன் செய்தது பெரும் பேறு. ஆனால் அவன் கைக்கு வந்தது நீராவிப் பொறியின் எதிர்ப்பு. கடலின் எதிர்ப்பு அன்று.

கார்களிலும் அதுவே நிகழ்ந்தது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1926ஆம் ஆண்டு எண்ணெய் அழுத்தத்தாற் சாரதிக்கு உதவும் ஸ்டியரிங்கைக் காட்டினார். 1951ஆம் ஆண்டு கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. மின்மோட்டாரால் உதவும் ஸ்டியரிங் 1988ஆம் ஆண்டு சுசுக்கி செர்வோ என்னும் சிறிய காரில் வந்தது. 2013ஆம் ஆண்டு நிசான் நிறுவனம் இன்பினிற்றிக் கார் ஒன்றில் கைச்சக்கரத்தின் கட்டளையை மின்கம்பி வழியாகவே சில்லுக்கு அனுப்பியது. அதிற் சாரதி உணரும் எதிர்ப்பு முழுவதும் ஒரு மோட்டார் உண்டாக்குவது. உண்மைக் காரும் பாவனைப் பொறியும் ஒன்றையொன்று தொட்டு நின்ற இடம் அதுவே.

பாவனைப் பொறியின் கதை வானத்திலே தொடங்குகின்றது. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்திற் பிறந்த எட்வின் லிங்க், ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டு, தரையில் நின்றபடியே விமானம்போற் சாய்ந்து எழும் பயிற்சிப் பொறியை 1929ஆம் ஆண்டு உருவாக்கினார். தொடக்கத்தில் அதனைக் கேளிக்கைப் பொருளாகவே மதித்தனர். 1934ஆம் ஆண்டு, மோசமான வானிலையிலே தபால் கொண்டுசென்ற இராணுவ விமானிகள் பலர் மாண்ட பின்னர், அமெரிக்க இராணுவம் அப்பொறிகளில் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அதிலே பயின்றனர். அதே போரின்போதுதான் மயிலிட்டியை அடுத்துப் பலாலி விமானத்தளமும் எழுந்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் அங்கு இறங்கிச் சென்றது. மீன்பிடி வள்ளத்தின் சுக்கானும் விமானத்தின் சுக்கானும் ஒரு கூப்பிடு தூரத்திலே இயங்கிய கரை அது.

தெருவோட்டத்தின் பாவனை பிற்பட்டே வந்தது. 1974ஆம் ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் கிரான் டிராக் 10 என்னும் விளையாட்டுப் பெட்டியிற் சக்கரமும் மிதிகளும் இருந்தன. கைக்குத் திரும்பி வரும் செய்தி இல்லை. 1989ஆம் ஆண்டு அதே அட்டாரியின் ஹார்ட் டிரைவின் என்னும் பெட்டியிலே, காரின் இயக்கத்தைக் கணக்கிட்டு அதற்கேற்பச் சக்கரத்தை எதிர்த்துத் தள்ளும் மோட்டார் வைக்கப்பட்டது. 1990களின் இறுதியில் அத்தகைய சக்கரம் வீட்டு மேசைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டுக் காலமாகப் பொறிகள் கையிலிருந்து அகற்றியதை, வேறொரு பொறி மீண்டும் கைக்குக் கொடுக்கத் தொடங்கியது.

இவ்விசையை எவ்வளவு வைப்பது? இங்கேதான் பலர் இடறுகின்றனர். விசை மிகுந்தால் உண்மை மிகும் என்று எண்ணி உச்சத்துக்குத் தள்ளுகின்றனர். வானொலிப் பெட்டியின் ஒலியை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் என்ன நிகழும் என்பதை நேயர்கள் அறிவீர்கள். பாட்டின் ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே இரைச்சலாகித் தட்டையாகும். மோட்டாருக்கும் ஓர் எல்லை உண்டு. நடுத்தர வளைவிலேயே அது தன் முழுப் பலத்தையும் கொடுத்துவிட்டால், கடிய வளைவிற் கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றும் எஞ்சாது. டயர் பிடித்திருப்பதும் பிடி தளர்வதும் கைக்கு ஒரே பாரமாகத் தோன்றும். எச்சரிக்கும் அந்தக் கணம் பாரத்துக்குள்ளே புதைந்துபோகும். எனவே விசையைப் பாதியளவில் வைத்துத் தொடங்குக. பழகிய கார் ஒன்றிலே, பழகிய தடத்திலே சில சுற்று ஓட்டுக. மிகக் கடிய வளைவில் மட்டுமே மோட்டார் தன் எல்லையைத் தொடும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுக. சக்கரத்தைக் கணக்கின்றி நடுவுக்கு இழுக்கும் வில்விசை என்று ஓர் எண் இருக்குமாயின், அதனை நீக்கிவிடுக. அது தெருவின் செய்தியன்று.

ஐந்தாவது, தணிப்பு. இழுப்பு இருக்கும் இடத்தில் நடுக்கமும் இருக்கும். நேர்தெருவிற் கையை விட்டாற் சக்கரம் தானே இருபக்கமும் ஊசலாடுவதைக் காணலாம். அவ்வூசலை அடக்குவது தணிப்பு. எண்ணெய்க்குள் அசையும் கரண்டியின் மந்தம் போன்றது அது. ஊசல் அடங்கும் அளவுக்கு மட்டும் வைத்தால் நலம். மிஞ்சினால் நுண்ணிய செய்திகளும் எண்ணெயில் மூழ்கிவிடும். இவ்வைந்தையும் சொன்ன வரிசையிலேயே சரிசெய்தல் வேண்டும். ஒருமுறைக்கு ஓர் எண்ணையே மாற்றி, மாற்றியதைக் குறித்துவைத்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவன் எதனால் நன்மை வந்தது என்பதை அறியமாட்டான்.

இது வெறும் விளையாட்டுத்தானா என்று பெற்றோர் கேட்கக்கூடும். போர்முலா ஒன் போட்டியிற் பருவத்தின் இடையே தடத்தில் ஒத்திகை ஓட்டம் 2009ஆம் ஆண்டு முதல் பெரிதும் தடுக்கப்பட்டதால், பந்தய அணிகள் பாவனைப் பொறியையே நம்பலாயின. 2011ஆம் ஆண்டு விளையாட்டுப் பொறியின் வழியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட யான் மார்டன்பரோ என்ற பிரித்தானிய இளைஞர், 2013ஆம் ஆண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்திலே தமது பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் உண்மைக் காரை ஓட்டினார். தமிழர் நாட்டிலோ அந்நாளிற் தடமே பள்ளியாக இருந்தது. சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையிலே மோட்டார்ப் பந்தயங்கள் வளர்ந்தன. 1990ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலே நிலையான தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு போர்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியராய் விளங்கினார். அத்தகைய தடம் அருகே இல்லாத ஊரில் உள்ள பிள்ளைக்கு மேசையின் விளிம்பிலுள்ள சக்கரமே முதற்படி.

ஆயினும் நான் இவ்வரலாற்றை மயிலிட்டியிலிருந்து சொல்லத் தொடங்கியதற்கு வேறொரு காரணம் உண்டு. இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக அவ்வூர் விளங்கியது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். ஊரும் துறையும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டன. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3ஆம் நாள் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலத்திற் சிறிது பகுதியும் விடுவிக்கப்பட்டன. இடையே கழிந்தவை 27 ஆண்டுகள். பெயர்ந்த ஆண்டிற் பிறந்த குழந்தை, துறை திறந்த அன்று மணவயது கண்ட இளைஞன். பிற துறைகளிலிருந்து கடலுக்குப் போனவர் பலர். ஆனால் ஒவ்வொரு கரைக்கும் தன் நீரோட்டம் உண்டு. தன் பார் உண்டு. சோளகத்தில் எந்த இடத்திற் பிடி கனக்கும், வாடையில் எந்த வாய்க்கால் வழியே கரையேறலாம் என்பவை தந்தையின் கைமேற் கை வைத்து மகன் கற்கும் பாடங்கள். கற்பிக்கும் இடமே அடைபட்டபோது அப்பாடமும் அடைபட்டது.

பாவனைப் பொறி நமக்குப் புகட்டும் பெரிய உண்மை இங்கே இருக்கின்றது. டயரின் பிடி அளக்கப்பட்டது. சில்லின் சாய்வு அளக்கப்பட்டது. ஆகவே அமெரிக்கத் தடமொன்றிலே கார் வழுக்கும் கணத்தை யாழ்ப்பாணத்துச் சிறுவன் தன் அறையிலிருந்தே கையில் உணர்கின்றான். மயிலிட்டிக் கடலின் இழுப்பை எவரும் எண்ணாக எழுதிவைக்கவில்லை. அது சில முதியோர் கைகளில் மட்டும் தங்கியிருக்கின்றது. அக்கைகள் ஓய்ந்தால், எந்த எண்ணைத் தள்ளினாலும் அது திரும்பி வராது. கப்பல் அதிகாரிகளின் பயிற்சியிற் ராடர்ப் பாவனைப் பொறியைக் கட்டாயமாக்கும் விதி 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு சர்வதேச உடன்படிக்கையிலே சேர்ந்துவிட்டது. பெருங்கப்பலுக்கு இயன்றது சிறுவள்ளத்துக்கு இயலாததன்று.

கணினியும் இயந்திரவியலும் பயிலும் நம் இளைஞர் இதனை ஒரு தொண்டாகக் கொள்ளலாம். சுக்கான்பிடியில் வரும் இழுப்பை அளக்கும் சிறுகருவி ஒன்று செய்து, முதியவர் ஒருவரோடு ஒரு பருவம் கடலுக்குப் போய் வரலாம். காற்று, ஓட்டம், பிடியின் பாரம், அவர் சொல்லும் சொல் ஆகிய நான்கையும் பக்கத்துப் பக்கமாகக் குறித்து வரலாம். அவர் பிடி கனக்கிறது என்று சொன்ன நேரத்தில் கருவி காட்டிய எண் எது என்பதே அக்குறிப்பின் முதல் வரியாக இருக்கட்டும்.